‘ஜன்னல்’ என்றொரு பிளாக்: நிரல் மொழியை வளர்க்கும் உரிமையும் நம் வகுப்பறையும்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்கிராட்ச் இடம்பெற்றிருக்கிறது. அதை நடத்துவதற்காக மாணவர்களை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அன்றைய வேலை, பேனா பிளாக்குகளைக் கொண்டு ஏதேனும் ஒரு படம் வரைவது. ஒரு மாணவி வீடு வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ‘நகர்’, ‘திரும்பு’, ‘நகர்’, ‘திரும்பு’ என்று எட்டு பிளாக்குகள். மொத்தம் நாற்பது பிளாக்குகளை அடுக்கி முடித்த பிறகு, “ஜன்னல் கொஞ்சம் பெரிதாக இருக்கலாமே” என்றாள் பக்கத்தில் இருந்த தோழி. இருபது இடங்களில் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது.

பாதி மாற்றிவிட்டு அவள் என்னைக் கேட்டாள்: “டீச்சர், இதுல ஜன்னல்னு ஒரு பிளாக் இல்லையா?”

“இல்லம்மா. அதுல என்ன இருக்கோ அதை வச்சுத்தான் செய்யணும்” என்றேன்.

பாடவேளை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஆனால் நான் சொன்ன பதில் தவறு என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. ஸ்கிராட்சில் ‘ஜன்னல்’ என்ற பிளாக் இல்லைதான். ஆனால் அதை உருவாக்கிக்கொள்ளும் வசதி, பிளாக் வகைகளின் வரிசையில் கடைசியாக, இளஞ்சிவப்பு நிறத்தில், ‘மை பிளாக்ஸ்’ என்ற பெயரில் காத்திருக்கிறது. நான் அதைத் தாண்டிச் சென்றுவிட்டேன். அந்த மாணவி கேட்டது ஒரு பிளாக்கை மட்டுமல்ல. “கருவி எனக்கு வேண்டிய மாதிரி இல்லையென்றால் அதை மாற்ற எனக்கு உரிமை உண்டா?” என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு நான் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் திருத்தும் முயற்சி. முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பின்னணி. பிறகு மூன்று பாடவேளைகளுக்கான செயல்பாடு.

கற்றல் விளைவுகள்

• நிரல் மொழி ஒன்றில் கொடுக்கப்பட்ட சொற்களையும், நிரலர் தாமே சேர்க்கும் சொற்களையும் மாணவர் வேறுபடுத்திக் காண்பர்.
• ஸ்கிராட்சில் அளபுருவுடன் கூடிய சொந்த பிளாக்கை உருவாக்குவர். அதைக் கொண்டு இன்னும் பெரிய பிளாக்கை உருவாக்குவர்.
• தாம் செய்த கருவியைப் பிறர் பயன்படுத்தும்போது எழும் சிக்கல்களைக் கண்டறிந்து திருத்துவர்.

ஆமைக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்

குழந்தைகளுக்கான நிரல் மொழிகளில் முன்னோடி லோகோ. 1967 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபியூர்சைக், சேமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் அதை உருவாக்கினர். பின்னர் அதனுடன் ‘ஆமை’ சேர்ந்தது. ‘முன்னே 100’ என்றால் ஆமை நூறு அடி நகரும். ‘வலம் 90’ என்றால் வலப்பக்கம் திரும்பும். நகரும்போது கோடு விழும்.

லோகோ ஆமைக்குச் சதுரம் என்றால் என்னவென்று தெரியாது. குழந்தை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

சதுரம் போட:
 4 முறை [முன்னே 100, வலம் 90]
முடிவு

இதற்குப் பிறகு ‘சதுரம்’ என்று தட்டினால் போதும். ‘முன்னே’, ‘வலம்’ ஆகியவை எப்படி மொழியின் சொற்களோ அப்படியே ‘சதுரம்’ என்பதும் ஆகிவிடுகிறது. மொழியை வடிவமைத்தவர் தந்த சொல், குழந்தை சேர்த்த சொல் என்ற ஏற்றத்தாழ்வு பயன்பாட்டில் இல்லை. இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம்.

பேப்பர்ட் 1980 இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் வலியுறுத்திய கருத்து, கணினி குழந்தையை நிரல்படுத்தக் கூடாது, குழந்தைதான் கணினியை நிரல்படுத்த வேண்டும் என்பது. லோகோவில் புதிய சொல்லைச் சேர்ப்பது அதன் முதல் படி. கற்பவர் அந்த இடத்தில் கற்பிப்பவர் ஆகிறார்.

சொல் மட்டுமா, இலக்கணமும்கூடவா?

லோகோவின் தாய்மொழி லிஸ்ப். எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி 1958 இல் அதை வடிவமைக்கத் தொடங்கினார். லிஸ்ப் தந்த உரிமை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் நிரலர் புதிய சொற்களை மட்டுமல்ல, புதிய வாக்கிய அமைப்புகளையும் சேர்க்கலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மொழியில் ‘இருந்தால் செய்’ என்ற கட்டளை மட்டும் இருக்கிறது; ‘இல்லாவிட்டால் செய்’ என்பது இல்லை என்று கொள்வோம். அதை நாமே ஒரு செயற்கூறாக எழுதிக்கொள்ள முடியுமா?

இல்லாவிட்டால் (மழை, விளையாடு)

பெரும்பாலான மொழிகளில் முடியாது. காரணம் எளிது. செயற்கூறு தன் வேலையைத் தொடங்கும் முன்பே, அடைப்புக்குள் இருக்கும் எல்லாவற்றையும் கணினி கணக்கிட்டு முடித்துவிடும். அதாவது, மழை பெய்கிறதா என்று பார்க்கும் முன்பே ‘விளையாடு’ நடந்து முடிந்திருக்கும். குழந்தை நனைந்த பிறகு குடை விரித்த கதைதான்.

லிஸ்பில் இதற்கு ஒரு வழி 1963 இல் வந்தது. எம்ஐடியில் இருந்த டிமதி ஹார்ட் முன்மொழிந்த அந்த வழிக்கு மேக்ரோ என்று பெயர். மேக்ரோ தன்னிடம் தரப்பட்டதைக் கணக்கிடாது. எழுதப்பட்ட வடிவத்திலேயே வாங்கி, வேறு வடிவத்தில் மாற்றி எழுதிக் கொடுக்கும். ‘இல்லாவிட்டால் மழை விளையாடு’ என்பதை ‘மழை அல்ல என்றால் விளையாடு’ என்று அது மாற்றி எழுதிய பிறகே நிரல் இயங்கும். லிஸ்பில் நிரல் என்பதே ஒரு பட்டியல். பட்டியலை எடுத்து மாற்றி அடுக்குவது அந்த மொழிக்கு அன்றாட வேலை. ஆகவே நிரலை எழுதும் நிரலை எழுதுவதும் அங்கே இயல்பாக அமைந்தது.

ஸ்கிராட்சின் வழியிலும் இதே கதை நடந்தது. எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழுவினர் 2007 இல் ஸ்கிராட்சை வெளியிட்டபோது அதில் சொந்த பிளாக் செய்யும் வசதி இல்லை. அது வேண்டும் என்று எண்ணிய யென்ஸ் மோனிக், பிரையன் ஹார்வி ஆகியோர் ஸ்கிராட்சின் மூலநிரலை எடுத்து மாற்றி அமைத்தனர். ‘உன் பிளாக்குகளை நீயே செய்’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தனர். அதன் பிற்கால வடிவமே ஸ்னாப். ஸ்கிராட்சிலும் 2013 இல் வந்த இரண்டாம் பதிப்பில் சொந்த பிளாக் வசதி சேர்ந்தது. ஸ்னாப்பில் ‘மீண்டும் செய்’ போன்று, பிற பிளாக்குகளைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும் பிளாக்கையே மாணவர் புதிதாகச் செய்யலாம். ஸ்கிராட்சில் அது இயலாது. எனவே ஸ்கிராட்ச் சொல்லைச் சேர்க்கும் உரிமையைத் தருகிறது. ஸ்னாப் இலக்கணத்திலும் கைவைக்க விடுகிறது.

உரிமைக்கு ஒரு விலை உண்டு

இவ்வளவு நல்ல வசதி என்றால் எல்லா மொழிகளும் ஏன் இதைத் தருவதில்லை? இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டும்.

ஒவ்வொருவரும் தமக்கென்று சொற்களையும் அமைப்புகளையும் செய்துகொண்டால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் போகலாம். சி++ மொழியில் ‘+’ போன்ற குறிகளுக்கு நிரலர் புதுப் பொருள் தரலாம். பதினோராம் வகுப்பில் இதைச் செயற்குறி பணிமிகுப்பு என்று படிக்கிறோம். ஜாவாவை வடிவமைத்த ஜேம்ஸ் கோஸ்லிங் இந்த வசதியை வேண்டுமென்றே விட்டுவிட்டார். சி++ மொழியில் பலர் அதைத் தவறாகப் பயன்படுத்தியதைப் பார்த்ததே காரணம்.

இதற்கு மறுமொழி போன்று அமைந்தது கை ஸ்டீல் 1998 இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஆற்றிய உரை. ஜாவாவின் அதிகாரப்பூர்வ விளக்க நூலை எழுதியவர்களில் ஒருவர் அவர். உரையின் தொடக்கத்தில் ஓரசை கொண்ட ஆங்கிலச் சொற்களை மட்டுமே பேசினார். அதைவிட நீண்ட சொல் எதுவும் தேவைப்பட்டால், முதலில் அதற்கு வரையறை சொல்லிவிட்டுத்தான் பயன்படுத்தினார். கேட்டவர்களுக்குத் தொடக்கத்தில் விநோதமாக இருந்திருக்கும். ஆனால் அதுவே அவர் சொல்ல வந்த செய்தி: சிறிய மொழியோடு தொடங்கினால் ஒவ்வொன்றையும் சொல்லத் திண்டாட வேண்டும், பெரிய மொழியைச் செய்து முடித்துத் தரலாம் என்றால் அதற்குள் காலம் போய்விடும், எனவே பயன்படுத்துவோரே வளர்க்கும்படி மொழியை வடிவமைக்க வேண்டும். பயனர் சேர்க்கும் சொல்லும் மொழியோடு வந்த சொல்லும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். லோகோவின் ‘சதுரம்’ நினைவுக்கு வருகிறதா?

பன்னிரண்டாம் வகுப்பில் நாம் நடத்தும் பைத்தான் இன்னொரு வழியைத் தேர்ந்துகொண்டது. அங்கே புதிய செயற்கூறுகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் தொடரியலைத் தனியொருவர் தம் நிரலுக்குள் மாற்றிக்கொள்ள வழியில்லை. மாற்றம் வேண்டுவோர் முன்மொழிவு எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும், விவாதம் நடக்கும், ஏற்கப்பட்டால் எல்லோருக்கும் சேர்த்து மொழி மாறும். முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் இணைத்த ஒரு சிறு குறியைச் சேர்ப்பதா என்ற விவாதம் 2018 இல் மிகக் கடுமையாக நடந்தது. அந்த முன்மொழிவை ஏற்றுக்கொண்ட பின், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் அதே ஆண்டு ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் ஐவர் குழு அந்தப் பொறுப்பை ஏற்றது. 2019 அக்டோபரில் வந்த 3.8 பதிப்பில் அந்தக் குறி இடம்பெற்றது.

ஒருவர் தம் வீட்டுச் சமையலறையைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். சத்துணவுக் கூடத்தை மாற்ற நான்கு பேரைக் கேட்க வேண்டும். இரண்டு வழிகளுக்கும் இடம் உண்டு. எது எங்கே பொருந்தும் என்று சிந்திக்க வைப்பதே நம் வேலை.

‘இது நிரலாக்கம்’ என்று சொல்லாததால்

நம் மாணவர்களில் பலர், குறிப்பாக மாணவிகள், “எனக்கு புரோகிராம் எல்லாம் வராது டீச்சர்” என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். இவர்களுக்காக ஒரு நிகழ்வைச் சொல்ல விரும்புகிறேன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தம் உரை ஒன்றில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஈமேக்ஸ் என்பது ஓர் உரைத்தொகுப்பான். அதன் கட்டளைகளைப் பயனரே மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம். 1970களின் இறுதியில் பெர்னார்ட் கிரீன்பெர்க் அதன் ஒரு வடிவத்தை லிஸ்பில் எழுதினார். அவருடைய அலுவலகத்தில் இருந்த செயலர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களிடம் இருந்த கையேடு, ஈமேக்ஸைத் தேவைக்கேற்ப எப்படி விரிவாக்குவது என்று சொல்லிக்கொடுத்தது. ஆனால் ‘இது நிரலாக்கம்’ என்று எங்கும் சொல்லவில்லை. தங்களுக்கு நிரல் எழுத வராது என்று நம்பியிருந்த அவர்கள், அச்சமின்றித் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளை எழுதிக்கொண்டார்கள்.

கருவி இடம் கொடுத்தால், தேவை உள்ளவர் கற்றுக்கொள்வார். ஜன்னல் வேண்டும் என்று கேட்ட மாணவிக்கும் தேவை இருந்தது. இடமும் இருந்தது. நான்தான் காட்டவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

முதல் பாடவேளை: கணினி இல்லாமல்

ஒரு மாணவரை ‘ஆமை’யாக நிறுத்துங்கள். அவருக்கு மூன்று சொற்கள்தான் தெரியும்: ‘அடி வை’, ‘வலம் திரும்பு’, ‘இடம் திரும்பு’. ஆசிரியர் மேசையிலிருந்து கதவு வரை அவரைக் கொண்டு செல்ல வேண்டும். வகுப்பு முழுவதும் கட்டளை தரட்டும். சிறிது நேரத்தில் சலிப்பு வரும், வரட்டும். பிறகு, “புதிய சொல் ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் பழைய சொற்களால் அதற்கு விளக்கம் கரும்பலகையில் எழுத வேண்டும்” என்று விதியைச் சொல்லுங்கள். ‘பெஞ்சைச் சுற்று’, ‘வரிசை தாண்டு’ என்று அவர்களே சொற்களை உருவாக்குவார்கள். இறுதியில் கரும்பலகையில் இருப்பது அந்த வகுப்பின் அகராதி.

இரண்டு குழுக்கள் ஒரே சொல்லுக்கு வேறு வேறு விளக்கம் எழுதினால் அதை அழிக்காதீர்கள். மூன்றாம் பாடவேளைக்கு அது உதவும்.

இரண்டாம் பாடவேளை: ஸ்கிராட்சில் சொந்த பிளாக்

1. இடப்பக்கம் கீழே உள்ள நீட்டிப்புப் பொத்தானை அழுத்திப் பேனாவைச் சேர்க்கவும்.
2. ‘மை பிளாக்ஸ்’ பகுதியில் புதிய பிளாக் உருவாக்கும் பொத்தானை அழுத்தவும். பெயராக ‘சதுரம்’ என்று தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். எண்ணை ஏற்கும் அளபுரு ஒன்றைச் சேர்த்து அதற்கு ‘அளவு’ என்று பெயரிடவும்.
3. திரையில் தோன்றும் வரையறைத் தலைப்பின் கீழ், 4 முறை மீண்டும் செய்யும் பிளாக்கை இட்டு, அதற்குள் ‘அளவு அடி நகர்’, ‘வலம் 90 திரும்பு’ ஆகியவற்றை வைக்கவும்.
4. இப்போது ‘பூ’ என்ற பிளாக்: 12 முறை மீண்டும் செய், உள்ளே ‘சதுரம் 60’, ‘வலம் 30 திரும்பு’. பன்னிரண்டு முப்பதுகள் 360. ஆமை தொடங்கிய திசைக்கே திரும்பிவிடும்.

எங்கள் ஆய்வகக் கணினிகளில் மற்ற பிளாக்குகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றின் நடுவே ‘சதுரம்’, ‘பூ’ என்று தமிழில் நின்ற பிளாக்குகளைப் பார்த்த மாணவர்களின் முகத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்றாம் பாடவேளை: பிறர் கருவியைப் பயன்படுத்துதல்

முன்பு சொன்ன மாணவி இந்தச் சுற்றில் ‘ஜன்னல்’ செய்தாள். அதோடு ‘வீடு’ என்ற பிளாக்கும் செய்தாள். அழகாக வேலை செய்தது. அவள் கோப்பைத் திறந்து, அந்த ‘வீடு’ பிளாக்கை மூன்று முறை வைத்துத் ‘தெரு’ வரைய முயன்றாள் தோழி. திரையில் ஒரே ஒரு வீடுதான் தெரிந்தது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். வரையறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘வீடு’ பிளாக்கின் முதல் வரி, மேடையின் நடுப்புள்ளிக்குச் செல் என்பது. ஒரு வீடு வரைபவருக்கு அது வசதி. தெரு வரைபவருக்கு அது தடை. திருத்திய வடிவம் இது (ஆமை வீட்டின் இடது கீழ் மூலையில், மேல்நோக்கி நிற்கிறது):

வீடு:
 சதுரம் 100
 100 அடி நகர், வலம் 30 திரும்பு
 3 முறை [100 அடி நகர், வலம் 120 திரும்பு]
 இடம் 30 திரும்பு, −100 அடி நகர்

கடைசி வரி எதையும் வரையவில்லை. சுவரின் மேலேயே திரும்பி வருகிறது. ஆனால் அதுதான் முக்கியமான வரி. தொடங்கிய இடத்துக்கும் தொடங்கிய திசைக்கும் ஆமையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. இரவல் வாங்கிய அரிவாளைத் துடைத்து, இருந்த இடத்தில் மாட்டுவது போல. இனி யார் இந்த பிளாக்கை எடுத்தாலும் அவர்கள் வேலை கெடாது. பேனாவை உயர்த்தி, வலப்பக்கம் 120 அடி நகர்ந்து, மறுபடி மேல்நோக்கித் திரும்பி, பேனாவை இறக்கினால் அடுத்த வீடு தயார்.

சொந்தமாகச் சொல்லை உருவாக்கும் உரிமையோடு, அந்தச் சொல்லைப் பிறரும் நம்பிப் பயன்படுத்தும்படி செய்யும் பொறுப்பும் வருகிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் கரும்பலகையில் ஒரே சொல்லுக்கு இரண்டு விளக்கம் எழுதினார்களே, அதை இப்போது நினைவூட்டுங்கள்.

ஆசிரியர் கவனத்துக்கு

• ஸ்கிராட்சில் ஒரு ஸ்பிரைட்டுக்குச் செய்த பிளாக் மற்ற ஸ்பிரைட்டுகளுக்குத் தெரியாது. அந்த ஸ்பிரைட்டை நகலெடுத்தால் பிளாக்கும் உடன் வரும்.
• விடையைத் திருப்பித் தரும் பிளாக்கை ஸ்கிராட்சில் செய்ய முடியாது. மாணவர் கேட்டால், ஸ்னாப்பை அறிமுகப்படுத்த அது நல்ல தருணம்.
• பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பைத்தான் 3 இல் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தமிழில் பெயரிட்டுப் பார்க்கலாம். மொழி அதை ஏற்கும். ஆனால் சிறப்புச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்த ‘எழில்’ என்ற நிரல் மொழி, பைத்தானைக் கொண்டு எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். பெயரை மாற்றுவதற்கும் மொழியையே மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை விவாதிக்க இது ஏற்றது.

மதிப்பீடு

1. உன் வகுப்புத் தோழர் செய்த பிளாக் ஒன்றை, அவரிடம் எதையும் கேட்காமல், உன் படத்தில் பயன்படுத்து. எங்கே தடுமாறினாய்? அவருக்கு ஒரு வரியில் ஆலோசனை எழுது.
2. ‘ஜன்னல்’ பிளாக் இல்லாமல் ஐந்து ஜன்னல்களின் அளவை மாற்றினால் எத்தனை இடங்களில் திருத்த வேண்டும்? பிளாக் இருந்தால் எத்தனை இடங்களில்?
3. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே அகராதியைப் பயன்படுத்த வேண்டுமா, ஒவ்வொருவரும் தனி அகராதி வைத்துக்கொள்ளலாமா? காரணத்துடன் விடை எழுது.

மூன்றாவது வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. கோஸ்லிங்கும் ஸ்டீலுமே இதில் ஒரு பக்கம் நிற்கவில்லை. காரணத்துக்கே மதிப்பெண்.

என் பங்குக்கு நான் கற்றது ஒன்று உண்டு. அடுத்த வாரம் அந்த மாணவியிடம், “அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன்மா. ஜன்னல் பிளாக் இருக்கு, நீதான் செய்யணும்” என்றேன். அவள் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். பாடநூலில் உள்ளதை முடிப்பதற்கான அவசரத்தில், ‘அதெல்லாம் தொடாதே’, ‘இருப்பதை வைத்துச் செய்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? ஆய்வகத்தில் அடுத்த முறை ஒரு குழந்தை “இதுல இது இல்லையா?” என்று கேட்கும்போது, “இல்லை. செய்யலாமா?” என்று கேட்டுப் பாருங்கள்.